மர்ரே ஹவுஸ்: ராணுவக் குடியிருப்பு அரசு அலுவலகமாகி, ஊர் மாறிய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாங்காங்கில் வசிக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாளை ஸ்டான்லிக்கு ஒதுக்கிவிடுவேன். கடலும் கடைத்தெருவும் எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் நான் அழைத்துப்போவது அங்கே கரையோரம் நிற்கும் ஒரு கல் கட்டடத்துக்காக. அதன் முன்னால் நின்று வந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இது என்ன கட்டடம்?

பெயர் மர்ரே ஹவுஸ். ஹாங்காங் தீவின் தென்கரையில் ஸ்டான்லியில் இருக்கிறது. மூன்று தளங்கள், சுற்றிலும் தூண் வரிசைகள், சாம்பல் நிறக் கருங்கல். முதலில் பார்ப்பவர்கள் 'இந்தக் கடற்கரைக்காகவே கட்டியிருக்கிறார்கள்' என்றுதான் நினைப்பார்கள். 1846இல் இது எழுந்தது தீவின் மறுபக்கத்தில், சென்ட்ரல் என்ற நகர மையத்தில். பிரிட்டிஷ் ராணுவத்தின் மர்ரே பாரக்ஸ் என்ற படைக் குடியிருப்பு வளாகத்தில் அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டிய வீடு இது. பிறகு அரசு அலுவலகமானது. 1982இல் கல் கல்லாகப் பிரித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து இங்கே கொண்டுவந்து மீண்டும் அடுக்கினார்கள்.

மர்ரே என்பவர் யார்? இங்கே வாழ்ந்தவரா?

இல்லை. சர் ஜார்ஜ் மர்ரே லண்டனில் இருந்தவர். 1840களின் முற்பகுதியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆயுதத் தளவாடங்களையும் கட்டுமானங்களையும் கவனித்த துறைக்குத் தலைவராக இருந்தார். பாரக்ஸ் கட்டும் பொறுப்பும் அந்தத் துறையுடையது என்பதால் அவர் பெயரை வைத்துவிட்டார்கள். கட்டடத்தை வடிவமைத்தவர் ராணுவப் பொறியாளர் மேஜர் எட்வர்ட் ஆல்ட்ரிச். ஊரில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. எனக்கு அது ஒரு குறைதான். அதனால் வருகிறவர்களிடம் தவறாமல் சொல்லிவிடுவேன்.

அந்தப் படையில் நம்மவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். 1841 ஜனவரி 26 அன்று பிரிட்டிஷார் இந்தத் தீவில் கொடி ஏற்றினார்கள். அப்போது சீனாவோடு அவர்கள் நடத்திய முதல் அபினிப் போரில் சென்னை மாகாணப் படையின் 37ஆவது சுதேசிக் காலாட்படையும் வந்திருந்தது. அதே ஆண்டு மே மாத இறுதியில் சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற இடத்தில் அதன் ஒரு பிரிவு பெருமழையில் மற்றவர்களிடமிருந்து பிரிந்து, ஈட்டியும் கத்தியும் ஏந்திய கிராமத்து மக்களால் சூழப்பட்டது. சிப்பாய்களின் துப்பாக்கிகள் சிக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிப்பவை. மழையில் மருந்து நனைந்ததும் அவை வெறும் தடிகளாகிவிட்டன. சிப்பாய்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியை மட்டும் நம்பி நின்றார்கள். மழையிலும் சுடக்கூடிய புதுவகைத் துப்பாக்கிகளோடு கடற்படை வீரர்கள் வந்து மீட்கும்வரை தாக்குப்பிடித்தார்கள்.

சீனப் பாடப்புத்தகங்களில் சான்யுவான்லி, மக்கள் அந்நியரை எதிர்த்த நாளாக இடம்பெற்றிருக்கிறது. நம் பக்கத்தில் அந்தச் சிப்பாய்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. யாருடைய போரையோ யாருடைய ஊரிலோ போய் நடத்திவிட்டுத் திரும்பியவர்கள் அவர்கள். மர்ரே ஹவுஸின் மாடியில் அவர்கள் யாரும் தூங்கியதில்லை. அது வெள்ளை அதிகாரிகளின் வீடு. ஆனாலும் ஹாங்காங்கின் முதல் பக்கத்தில் சென்னை மாகாணத்துக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்தக் கட்டடத்தின் முன்னால் நிற்கும் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கட்டடத்தில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

கீழிருந்து மேலாகப் பாருங்கள். தரைத்தளம் கனமான கற்சுவர். வாசல்களின் மேல் வளைவு உயரமாக எழும்பாமல் தட்டையாகப் படுத்திருக்கும். பாரத்தையெல்லாம் சுமப்பது இந்தத் தளம் என்பது பார்த்தவுடனே புரியும். முதல் மாடியில் சுவர் பின்வாங்கித் தூண்கள் முன்னே வந்துவிடுகின்றன. அவை டோரிக் வகைத் தூண்கள்: தலைப்பகுதியில் வேலைப்பாடு இல்லாமல் தடித்து நிற்பவை. இரண்டாம் மாடியில் தூண் மெலிகிறது, தலையில் இரு பக்கமும் ஆட்டுக்கொம்பு போல ஒரு சுருள் வந்து உட்காருகிறது. இதுதான் அயோனிக். மேலே போகப்போகப் பாரமும் குறைய வேண்டும், பார்வைக்கும் இலேசாகத் தெரிய வேண்டும் என்ற பழைய கிரேக்கக் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்தக் கட்டடத்தின் உயிர் தூணில் இல்லை, தூணுக்கும் சுவருக்கும் நடுவே ஓடும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது என்பேன். ஒவ்வொரு தளத்திலும் அது நாலு பக்கமும் சுற்றி வருகிறது. 1843இல் ஹாங்காங்கில் 'ஹாங்காங் காய்ச்சல்' என்றே பெயர் பெற்ற ஒரு காய்ச்சல் பரவி, படைவீரர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. தேங்கிய கெட்ட காற்றுதான் நோய் தருகிறது என்று நம்பினார்கள். அடுத்துக் கட்டிய இந்த வீட்டில் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நுழைய வழி இருக்கிறது. சுவரில் வெயில் படாது, மழைச் சாரலும் அறைக்குள் வராது. அவர்கள் நினைத்த காரணம் தவறாக இருக்கலாம். கட்டியது நல்ல வீடு. ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் மேல்மாடித் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும்.

ஜப்பானியர் காலத்தில் இங்கே என்ன நடந்தது?

1941 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளில் ஹாங்காங் சரணடைந்தது. அதிலிருந்து 1945 ஆகஸ்ட் வரையிலான காலத்தை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் 'மூன்று ஆண்டு எட்டு மாதம்' என்றுதான் சொல்வார்கள். வேறு பெயரே தேவையில்லை. அந்தக் காலம் முழுக்க மர்ரே ஹவுஸ் ஜப்பானிய ராணுவக் காவல் படையின் தலைமையிடமாக இருந்தது. சீனக் குடிமக்கள் பலரை இங்கே கொண்டுவந்து கொன்றார்கள். இதற்கு மேல் இதை விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அரசு அலுவலகமாக மாறியது எப்போது?

போர் முடிந்த பிறகு. ராணுவத்தின் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. பல துறைகள் மாறி மாறி இதைப் பயன்படுத்தின. கடைசியாக இருந்தது சொத்துக்களை மதிப்பிட்டு வரி நிர்ணயிக்கும் துறை. சொத்துவரி அலுவலகம் என்று சொன்னால் நமக்குச் சட்டென்று விளங்கும். அதிகாரிகள் படுத்திருந்த அறைகளில் மேசைகளும் கோப்பு அலமாரிகளும் வந்தன.

இந்தக் காலத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. வழிகாட்டிகள் ராணுவத்தைச் சொல்வார்கள், ஜப்பானியரைச் சொல்வார்கள், பேய்க் கதையைச் சொல்வார்கள். 'பிறகு அலுவலகமாக இருந்தது' என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். என் எண்ணம் வேறு. மர்ரே பாரக்ஸின் மற்றக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிந்து அந்த இடங்களில் ஹோட்டலும் கோபுரங்களும் எழுந்தபோது, இந்த ஒன்று மட்டும் 1982 வரை நின்றது. அதைக் காத்தது தினமும் காலையில் யாரோ வந்து கதவைத் திறந்ததுதான். ஆள் புழங்கும் வீட்டில் ஓடு உடைந்தால் உடனே மாற்றுவார்கள், மழைநீர்க் குழாய் அடைத்தால் புகார் எழுதுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு அந்த யோகம் இல்லை. பெயர் தெரியாத எழுத்தர்கள்தான் இந்தக் கல்லை நமக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் பேய் ஓட்டும் சடங்கு நடந்ததாமே, உண்மையா?

உண்மை. ஒருமுறை அல்ல, இருமுறை: 1963இலும் 1974இலும். போர்க்காலத்தில் இங்கே இறந்தவர்களின் ஆவிகள் உலவுவதாக ஊழியர்களிடையே அச்சம் இருந்தது. அரசுக் கட்டடம் என்பதால் சடங்குக்கு அரசின் அனுமதி வேண்டியிருந்தது, அதுவும் கிடைத்தது. 1974இல் நடந்த சடங்கைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பினார்கள்.

இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. முதல் சடங்கின்போது போர் முடிந்து 18 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அண்ணனையோ அப்பாவையோ இந்த வாசல் வழியாகக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் ஊரில் உயிரோடு இருந்தார்கள். முறையாகக் கருமம் செய்யப்படாமல் போனவர்களுக்காக வேறு வேறு துறை ஊழியர்கள் சேர்ந்து செய்த சாந்தி அது. அனுமதி தந்த அரசும் அந்த ஒரு விஷயத்தில் மக்கள் மனத்தைப் புரிந்துகொண்டது.

அப்புறம் ஏன் பிரித்தார்கள்?

நிலத்துக்காக. சென்ட்ரலில் நிலத்தின் விலை அப்படி. மர்ரே ஹவுஸ் நின்ற மனை 1982இல் 100 கோடி ஹாங்காங் டாலருக்கு பேங்க் ஆஃப் சைனாவுக்குப் போனது. இன்று அங்கே நிற்பது ஐ. எம். பே வடிவமைத்த பேங்க் ஆஃப் சைனா கோபுரம்: 70 தளங்கள், உச்சிக் கம்பங்களோடு சேர்த்து 367 மீட்டர் உயரம், 1990இல் திறப்பு. ஹாங்காங் படம் எதை எடுத்தாலும் முக்கோணம் முக்கோணமாகக் கண்ணாடி மின்னும் ஒரு கோபுரம் தெரியுமே, அதுதான்.

அருகிலேயே மர்ரே சாலையில் இருந்த ஒரு பல மாடி வாகன நிறுத்தக மனை 2017இல் 2,328 கோடி ஹாங்காங் டாலருக்கு விற்றது என்றால், அந்தப் பகுதியில் மூன்று தளக் கல் வீடு ஒன்று நின்றிருப்பதே எவ்வளவு பெரிய அதிசயம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடித்துக் குப்பையில் கொட்டாமல் எண் போட்டுப் பிரித்தார்களே, அதுவே அன்றைய ஹாங்காங்கில் புதுமை. அந்த அளவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கற்களை எப்படி மறுபடியும் சேர்த்தார்கள்?

3,000க்கும் மேற்பட்ட கற்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பட்டியல் போட்டு, கிடங்கில் அடுக்கினார்கள். அப்புறம் நீண்ட மௌனம். 1990இல்தான் வீட்டுவசதித் துறை ஒரு யோசனை சொன்னது: ஸ்டான்லியில் மா ஹாங் என்ற இடத்தில் அரசுக் குடியிருப்பு வருகிறது, அதன் அருகே கரையில் இதை எழுப்பலாம். 1990களின் பிற்பகுதியில் கட்டி எழுப்பி, 2000களின் தொடக்கத்தில் மக்களுக்குத் திறந்தார்கள்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள். சில கற்களில் அந்த எண்கள் இன்னும் மங்கலாகத் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் புத்தகப் பையில் பெயர் எழுதுவது போல, எந்த அலங்காரமும் இல்லாத எண்கள். என் அக்கா மகள் ஒருமுறை ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி வந்து எண் தேடினாள். ஒன்றைக் கண்டுபிடித்ததும் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "மாமா, இந்தக் கல்லுக்குத் தன் வீடு எதுவென்று தெரிந்திருக்கிறது" என்றாள். கல்லின் மேற்பரப்பில் உளி பட்ட புள்ளிகள் விரலுக்குத் தட்டுப்படும். ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் ஒரு சீனக் கல்தச்சர் போட்ட அடிகள் அவை.

கூரையில் இருக்கும் புகைபோக்கிகள் பழையவையா?

பழையவைதான், ஆனால் இந்த வீட்டுடையவை அல்ல. ஹாங்காங்கின் சாய் யிங் புன் பகுதியில் ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த பழைய மனநல மருத்துவமனையிலிருந்து எட்டுப் புகைபோக்கிகளைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். முற்றத்தில் நிற்கும் கொடிக்கம்பம் பிரிட்டிஷ் கடற்படையின் டாமர் தளத்தில் இருந்தது. வெளியே சீன எழுத்துகளோடு நிற்கும் தூண்கள் யாவ் மா டேய் பகுதியின் ஷாங்காய் தெருவில் இடிந்த கடைவீடுகளுடையவை. எழுத்துகள் அந்தக் கடைகளின் பெயர்ப் பலகைகள்.

எதிரே கடலுக்குள் நீளும் இறங்குதுறையின் இரும்புக் கூரையையும் பாருங்கள். 1900இல் சென்ட்ரலில் திறந்த பிளேக் பியரின் கூரை அது. துறையை இடித்தபோது எதிர்க்கரையில் கவுலூன் பக்கம் ஒரு பூங்காவுக்குப் போய், அங்கே பல்லாண்டு நிழல் கொடுத்துவிட்டு, பிறகு இங்கே வந்தது. நகரம் கைவிட்டவையெல்லாம் இந்தக் கரையில் வந்து கூடியிருக்கின்றன. எனக்கு அந்தப் புகைபோக்கி விஷயம் மட்டும் நெருடும். வேறு வீட்டுப் பொருளை இந்த வீட்டின் தலையில் வைத்தால், பார்க்கிறவர் இரண்டையும் தவறாகப் புரிந்துகொள்வார்.

இது இன்னும் பாரம்பரியக் கட்டடம் என்ற தகுதியோடு இருக்கிறதா?

இல்லை. பிரிப்பதற்கு முன் முதல் தர வரலாற்றுக் கட்டடம் என்ற தகுதி இருந்தது. இடம் மாற்றி, உள்ளே நவீன அமைப்பு வைத்துக் கட்டிய பிறகு அந்தத் தகுதி திரும்பவில்லை. கோபப்பட வேண்டியதில்லை, சரியான தீர்ப்புதான். கல்லைக் காப்பாற்றிவிட்டார்கள், இடத்தைக் காப்பாற்றவில்லை. இந்த வாசலில் சிப்பாய் காவல் நிற்கவில்லை, யாரையும் கொல்லவில்லை, யாரும் சொத்துவரி விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கவில்லை. அதெல்லாம் நடந்த மண் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

பின்னாளில் இது ஒரு முன்னுதாரணமாகவும் ஆகிவிட்டது. 2007இல் சென்ட்ரலில் குயின்ஸ் பியர் என்ற பழைய படகுத்துறையை அகற்ற முனைந்தபோது, பிரித்து வைத்துப் பிறகு கட்டுகிறோம் என்று அரசு சொன்னது. இளைஞர்கள் அங்கேயே தங்கி, உண்ணாவிரதம் இருந்து எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டது கல்லை அல்ல, இடத்தை. மர்ரே ஹவுஸைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

இருந்தாலும் இங்கே வந்ததில் இந்த வீட்டுக்கு ஒரு நன்மை கிடைத்திருக்கிறது. 1846இல் சென்ட்ரலில் கடற்கரை குயின்ஸ் ரோட்டை ஒட்டியே இருந்தது. மாடித் தாழ்வாரத்தில் நின்றால் துறைமுகம் தெரிந்திருக்கும். பிறகு கடலை மண் கொட்டித் தூர்த்துத் தூர்த்துத் தள்ளிவிட்டார்கள். ஸ்டான்லியில் அதே தாழ்வாரத்தின் முன்னால் மீண்டும் தண்ணீர் இருக்கிறது.

இப்போது உள்ளே என்ன இருக்கிறது?

உணவகங்களும் கடைகளும். 2005 முதல் சில ஆண்டுகள் ஹாங்காங் கடல்சார் அருங்காட்சியகம் தரைத்தளத்தில் இருந்தது. 2013இல் அது சென்ட்ரலின் 8ஆம் எண் படகுத்துறைக்கு மாறிவிட்டது. அது இருந்தபோது இன்னும் பொருத்தமாக இருந்தது.

பழைய இடத்தில் மிச்சம் எதுவுமே இல்லையா?

பெயர் இருக்கிறது. பாரக்ஸ் இருந்த நிலத்தில் 1969இல் அரசு தனக்கென்று 27 தள அலுவலகக் கோபுரம் கட்டி மர்ரே பில்டிங் என்று பெயரிட்டது. வெயில் நேராக அறைக்குள் விழாதபடி அதன் ஜன்னல்களைச் சாய்த்து வைத்தார்கள். பழைய தாழ்வாரம் செய்த வேலையை இங்கே ஜன்னல் செய்தது. 2018இல் அதுவும் ஹோட்டலாகிவிட்டது.

உண்மையான ராணுவக் கட்டடங்களைச் சொந்த இடத்தில் பார்க்க வேண்டுமென்றால், இரண்டு நிமிட நடையில் ஹாங்காங் பூங்கா. 1991இல் திறந்த இந்தப் பூங்கா, பழைய விக்டோரியா பாரக்ஸ் நிலத்தில் அமைந்தது. உள்ளே 1846இல் கட்டி முடித்த ஃப்ளாக்ஸ்டாஃப் ஹவுஸ் இருக்கிறது, மர்ரே ஹவுஸின் ஒத்த வயதுக்காரர். தலைமைத் தளபதியின் வீடாக இருந்தது, இன்று தேநீர்ப் பாத்திரங்களின் அருங்காட்சியகம். வெள்ளைச் சுவர், பச்சை மரம், உள்ளே சின்னஞ்சிறு மண் கெண்டிகள்.

அதைவிட எனக்குப் பிடித்தது ராலின்சன் ஹவுஸ். அதுவும் ராணுவ அதிகாரியின் வீடாக இருந்ததுதான். இன்று அதில் பூங்கா நிர்வாக அலுவலகமும் திருமணப் பதிவு அலுவலகமும் இயங்குகின்றன. சனிக்கிழமை காலையில் போனால் வெள்ளை கவுன் அணிந்த மணப்பெண்கள் புல்வெளியில் படமெடுத்துக்கொண்டிருப்பார்கள். பாட்டிமார் நாற்காலி தேடி உட்கார்வார்கள். ராணுவக் குடியிருப்பை அரசு அலுவலகமாக்குவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அங்கேதான் கூட்டிப்போவேன். கட்டடம் நகரவில்லை, உள்ளே வரும் ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். பூங்காவை ஒட்டி ஏறும் சாலைக்கு இலவமரத்தின் பெயர், காட்டன் ட்ரீ டிரைவ். வசந்தத்தில் இந்த ஊர் முழுக்க இலவம் பூத்து, கனத்த செம்பூக்கள் நடைபாதையில் பொத்துப் பொத்தென்று விழும்.

எப்படிப் போவது?

முதலில் சென்ட்ரலில் பேங்க் ஆஃப் சைனா கோபுரத்தின் அடியில் போய் நில்லுங்கள். வேண்டுமானால் இரண்டே நிமிடம். வீடு இருந்த இடத்தைப் பார்க்காமல் வீட்டைப் பார்க்காதீர்கள். பிறகு எக்ஸ்சேஞ்ச் ஸ்கொயர் நிலையத்திலிருந்து 6, 6எக்ஸ் அல்லது 260 எண் பஸ். நேரம் இருந்தால் 6ஆம் எண் ஏறி மேல்தளத்தில் முன் இருக்கையைப் பிடியுங்கள். மலை ஏறி இறங்கும்போது மரக்கிளைகள் கண்ணாடியில் உரசும்.

ஸ்டான்லியில் இறங்கிக் கடைத்தெரு வழியாக நடந்தால் சதுக்கம் வரும். அதன் ஓரத்தில் 1767இல் கட்டிய தின் ஹாவ் கோயில். கடலோடிகளைக் காக்கும் அம்மன் அவள். உள்ளே சுவரில் புகைபடிந்து கறுத்த ஒரு புலித்தோல் தொங்குகிறது. 1942இல், ஜப்பானியர் காலத்திலேயே, ஸ்டான்லி காவல் நிலையத்தின் முன்னால் இந்தியக் காவலர் ஒருவர் சுட்ட புலி. அதைப் பார்த்துவிட்டுக் கடலோரமாக வந்தால் மர்ரே ஹவுஸ். மாலை நாலு மணிக்கு மேல் வெயில் சாய்வாக விழும்போது போங்கள், கல்லில் உள்ள எண்கள் அப்போதுதான் நன்றாகத் தெரியும்.